படச்சட்டம் செய்யலாம் வாங்க: திருகோணமலை உப்புக்காற்றுக்கு ஈடுகொடுக்கும் முழு வழிகாட்டி

அம்மம்மாவின் கலியாணப் படம் எங்கள் விறாந்தைச் சுவரில் முப்பது வருடத்துக்கு மேல் தொங்கியது. ஒரு மாரியில் கூரை ஒழுகி, சுவரைத் திருத்த வேண்டி வந்ததால் அதைக் கழற்றினோம். கண்ணாடியைத் துடைப்போம் என்று சட்டத்தைப் பிரித்தபோதுதான் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கிடப்பது தெரிந்தது. புத்தி இல்லாமல் இழுத்தேன். அம்மப்பாவின் முகத்தில் பாதி கண்ணாடியோடு போய்விட்டது.

காசு கொடுத்துக் கடையில் செய்வித்த சட்டம் அது. முன்னால் பொன்னிறப் பூவேலை. பின்னால் பழைய பிஸ்கட் பெட்டி மட்டை, நாலு துருப்பிடித்த ஆணி. எனக்குத் தெரிந்த ஓடாவி, அதாவது தச்சர் ஒருவரிடம் அதைக் காட்டினேன். "தம்பி, சட்டம் வாங்கினா முன்னுக்குப் பாக்காதீங்கோ, பின்னுக்குத் திருப்பிப் பாருங்கோ" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படங்களுக்கு நானேதான் சட்டம் செய்கிறேன். கைவேலை பழகாதவரும் ஒன்றைச் செய்து முடித்துவிடலாம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒட்டிய படம் இருந்தால் இழுக்க வேண்டாம். முதலில் கண்ணாடியோடே வைத்து, வெளிச்சம் தெறிக்காத கோணத்தில் நல்ல போன் கமராவால் நாலைந்து தடவை படம் எடுத்து வையுங்கள். பழைய படங்களின் மேற்பரப்பில் ஜெலட்டின் பூச்சு இருக்கிறது. ஈரம் பட்டால் அது இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும், பிறகு காய்ந்து பசையாகிவிடும். இழுத்தால் கிழியத்தான் செய்யும்.

நம்மூர்க் காற்றைப் பற்றி முதலில்

திருகோணமலை நகரம் ஒரு பக்கம் உள்துறைமுகத்துக்கும் மறுபக்கம் திறந்த கடலுக்கும் நடுவில் கழுத்துப்போல நிற்கிறது. எந்தத் தெருவில் வீடு இருந்தாலும் உப்புக்காற்று வந்துதான் தீரும். ஐப்பசி தொடங்கித் தை வரை வாடையும் மழையும். அலுமாரிக்குள் தொங்கும் சட்டைகூட ஈரமாகத்தான் இருக்கும். வைகாசியிலிருந்து கச்சான் என்ற காய்ந்த காற்று வீசத் தொடங்கினால் கதவுப் பலகையே சுருங்கி இடைவெளி விடும். மரம் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது, அகலவாக்கில்தான் ஊதிச் சுருங்கும். அதனால் 45 பாகையில் வெட்டி இணைத்த மூலை மாரியில் வெளிப்பக்கம் விரியும், கச்சானில் உள்பக்கம் விரியும். சட்டத்தின் அகலம் கூடக்கூட இந்த விரிசலும் கூடும். முதல் தடவை செய்பவர் 3 சென்ரிமீற்றருக்கு மேல் அகலமான சட்டத்தில் கைவைக்காமல் இருப்பது நல்லது.

இன்னொன்று: மரவேலையை எந்த மாதத்திலும் செய்யலாம். படத்தையும் கண்ணாடியையும் உள்ளே வைத்து மூடும் வேலையை மட்டும் காய்ந்த நாளில் வைத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் மூடினால் அந்த ஈரத்தையும் சேர்த்து உள்ளே பூட்டி வைத்தது மாதிரி.

மரம்

தேக்கு இருந்தால் சந்தோஷம். ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பலா நன்றாக வேலைக்கு வரும், நாள் போகப்போக நிறமும் கனியும். வேம்பைப் பூச்சி லேசில் தொடாது. முதிரை அழகுதான், ஆனால் கல்லுமாதிரி. முதலில் துளை போடாமல் ஆணி அடித்தால் பிளந்துவிடும். மரக்காலையில் முழுப் பலகை வாங்கத் தேவையில்லை. யன்னல், கதவு செய்யும் இடங்களில் மிஞ்சிய துண்டுகளே ஒரு சட்டத்துக்குப் போதும்.

எனக்குப் பிடித்தது பழைய மரம். இடித்த வீட்டின் யன்னல் நிலை, உடைந்த கட்டில் கால், பழைய கதிரை எல்லாம் ஊதிச் சுருங்கி ஓய்ந்த மரங்கள். இனிமேல் பெரிதாக வளையாது. சாமான் ஏற்றிவரும் பலகைத் தட்டுகளைப் பிரித்தும் எடுக்கலாம். அதில் 'எச்.டி' (HT) என்று முத்திரை இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுங்கள். 'எம்.பி' (MB) என்றிருந்தால் மெதில் புரோமைட் என்ற நச்சு வாயு ஏற்றியது, விட்டுவிடுங்கள். உடைந்த வள்ளத்துப் பலகை கிடைத்தால் பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் மரத்துக்குள் உப்பு ஊறியிருக்கும். நல்ல தண்ணீரில் பல தடவை ஊறவைத்துக் கழுவி, நிழலில் சில கிழமை காயவிட்ட பிறகுதான் எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் மாரிக்கு மாரி சட்டம் வியர்க்கும்.

ஆயுதம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை: பல் நெருக்கமான கைவாள், 45 பாகைக்குக் கீறு வெட்டிய பிளாஸ்டிக் வெட்டுப் பெட்டி (ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும்), மூலை மட்டம், அளவுநாடா, வெள்ளை மரப்பசை, 80, 120, 240 ஆம் இலக்கச் சான்ட் பேப்பர். கூடவே ஒரு பழைய சைக்கிள் ரியூப். அது எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

படி எடுப்பது

படச்சட்டத்தின் உள்விளிம்பில், பின்பக்கமாக ஒரு படி இருக்கும். கண்ணாடியும் படமும் அதில்தான் உட்காரும். தச்சர்கள் இதைத் தனிச் சீவுளியால் எடுப்பார்கள். நமக்கு அது தேவையில்லை. இரண்டு சலாகைகளை, அதாவது ஒடுங்கிய நீள மரத்துண்டுகளை, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் படி தானாக வந்துவிடும். முன்பக்கம் தெரியும் மேற்சலாகை 3 சென்ரிமீற்றர் அகலம், பின்பக்கம் வரும் கீழ்ச்சலாகை 2.4 சென்ரிமீற்றர் அகலம். இரண்டின் வெளிவிளிம்பும் ஒரே கோட்டில் நிற்கும்படி ஒட்டினால், உள்பக்கம் 6 மில்லிமீற்றர் படி கிடைக்கும்.

கீழ்ச்சலாகையின் தடிப்பையும் யோசித்துத்தான் எடுக்க வேண்டும். கண்ணாடி 2 மில்லிமீற்றர், மவுண்ட் மட்டை (கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் வரும், நடுவில் யன்னல் வெட்டிய தடித்த மட்டை) ஒன்றரை, படத்துக்குப் பின்னால் வரும் மட்டை இன்னொரு ஒன்றரை, ஹார்ட்போர்ட் 3. மொத்தம் 8 மில்லிமீற்றர். பின்னால் சின்ன ஆணி அடிக்க இடம் வேண்டுமே, அதனால் 12 மில்லிமீற்றர் தடிப்பு எடுங்கள். ஐந்தடி நீளத்துக்கு இப்படி ஒட்டி, ஒரு இரவு பாரம் வைத்துவிடுங்கள்.

கணக்கு

பெரும்பாலானவர்கள் பிழைவிடும் இடம் இதுதான். படத்தின் அளவுக்குச் சட்டம் வெட்டக்கூடாது. ஒரு ஏ4 தாளை மவுண்ட் இல்லாமல் சட்டமிடுவதாக வைத்துக்கொள்வோம். தாள் 21 க்கு 29.7 சென்ரிமீற்றர். மரம் ஊதிச் சுருங்க 3 மில்லிமீற்றர் விட வேண்டும், ஆகவே படிக்குள் 21.3 க்கு 30 சென்ரிமீற்றர் இடம் தேவை. மேற்சலாகையின் அகலத்தில் படியைக் கழித்தால் 3 இலிருந்து 0.6 போக 2.4. இரண்டு பக்கத்துக்கும் 4.8. அதைக் கூட்டினால் வெளிநீளம் வந்துவிடும்: இரண்டு துண்டு 26.1 சென்ரிமீற்றர், இரண்டு துண்டு 34.8 சென்ரிமீற்றர். மொத்தம் 121.8. வாள் தின்னும் மரத்தையும் ஒரு பிழை வெட்டையும் சேர்த்தால் ஐந்தடி, அதாவது 152 சென்ரிமீற்றர் சரியாக இருக்கும்.

மவுண்ட் வைப்பதாக இருந்தால் தாளின் அளவுக்குப் பதிலாக மவுண்ட் மட்டையின் வெளியளவைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். கண்ணாடியைக் கடைசியில், சட்டம் ஒட்டிக் காய்ந்த பிறகு வெட்டுவியுங்கள். முதலிலேயே வெட்டிவிட்டு, ஒன்றரை மில்லிமீற்றர் பெரிதான கண்ணாடியை வைத்துக்கொண்டு முழித்த அனுபவம் எனக்கு இருக்கிறது.

வெட்டும் ஒட்டும்

நீளமான இரண்டு துண்டுகளை முதலில் வெட்டுங்கள். அதில் பிழை வந்தால் அதையே கட்டைத் துண்டாக்கிக்கொள்ளலாம். எதிரெதிர்த் துண்டுகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீற்றர் விரலுக்குத் தெரியும். நீளம் ஒன்றாக இல்லாவிட்டால் கோணம் எவ்வளவு சரியாக இருந்தாலும் மூலை மூடாது.

வெட்டுமுகம் பசையை உறிஞ்சும். அதனால் ஒரு மெல்லிய பூச்சுப் பூசி, இரண்டு நிமிடம் விட்டு, இன்னொரு தடவை பூசி இணையுங்கள். இப்போது அந்த சைக்கிள் ரியூப். அதை ஒரு விரலகலப் பட்டியாக நீளத்துக்கு வெட்டி, நாலு மூலையையும் சுற்றி இழுத்து மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். கடைக் கிளாம்பைவிட இது நாலு பக்கமும் ஒரே மாதிரி நெருக்கும். கட்டியவுடன் மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சட்டம் சதுரம் தப்பவில்லை. கூடின பக்கத்து மூலைகளை மெல்ல அழுத்தினால் சரிவரும். ஒரு மணி நேரத்தில் பசை பிடித்துவிடும், ஆனால் ஒரு முழு நாள் தொடக்கூடாது.

காய்ந்த பிறகு ஒவ்வொரு மூலையிலும் பக்கவாட்டாக மெல்லிய துளை போட்டு ஒரு ஆணி. கறுப்பு இரும்பாணி இங்கே இரண்டு மாரி தாங்காது; துருக் கறை மரத்துக்குள்ளும் இறங்கும். பித்தளை, இல்லாவிட்டால் நாகம் (துத்தநாகம்) பூசிய ஆணி.

45 பாகை வெட்டு எப்படியும் சரிவரவில்லை என்றால் மூலையைச் சாய்த்து வெட்ட வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? ஒவ்வொரு துண்டின் முனையிலும் பாதித் தடிப்பை வெட்டியெடுத்து, ஒன்றன்மேல் ஒன்று படுக்கவைத்து ஒட்டுங்கள். யன்னல் சட்டம்போலத் தெரியும், ஆனால் மூலை அசையாது. அகலமான பழைய பலகைக்கு இந்த முறைதான் எனக்குப் பிடிக்கும்.

பூச்சு: 80, 120, 240 என்று வரிசையாக, மரத்தின் ரேகையோடு தேய்த்து, தூசு துடைத்து, வார்னிஷ் இரண்டு தடவை. பின்பக்கத்துக்கும் பூசுங்கள், அதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். ஆளி எண்ணெய் பூசுபவர்கள் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள், அது தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயப்போட வேண்டும்.

உள்ளே வைப்பது

படத்தின் ஆயுள் இந்த அரை மணி நேரத்தில்தான் இருக்கிறது.

படம் கண்ணாடியைத் தொடக்கூடாது. அதற்குத்தான் மவுண்ட். அழகு பிறகுதான். யன்னலைப் படத்தைவிட ஒவ்வொரு பக்கமும் 3 மில்லிமீற்றர் சிறிதாக வெட்டுங்கள். கீழ் ஓரத்தை மேல் ஓரத்தைவிடக் கொஞ்சம் அகலமாக விட்டால் படம் கீழே வழுக்குவதுபோலத் தெரியாது. மட்டை அமிலமற்றதாக இருக்க வேண்டும். பிஸ்கட் பெட்டியும் பழைய பேப்பரும் சில வருடங்களில் படத்தைப் பழுப்பாக்கிவிடும். எங்கள் விறாந்தைப் படத்தின் பின்பக்கம் தேயிலைச் சாயம் ஊற்றியதுபோல இருந்ததற்கு அதுதான் காரணம். மவுண்ட் வேண்டாம் என்றால், கண்ணாடியின் ஓரத்தில் சட்டம் மறைக்கும் இடத்தில் 3 மில்லிமீற்றர் தடிப்பான மெல்லிய சலாகை ஒட்டுங்கள். அப்போது கீழ்ச்சலாகையின் தடிப்பில் இந்த 3 ஐயும் கூட்டிக்கொள்ள மறக்க வேண்டாம்.

படத்தை செலோடேப்பால் ஒட்டாதீர்கள். அது மஞ்சளாகி, பிசின் கசிந்து, கடைசியில் விட்டும்விடும். நல்ல வெள்ளைக் கடதாசியில் நாலு சின்ன முக்கோண உறை மடித்து, அந்த உறைகளைப் பின்மட்டையில் ஒட்டி, படத்தின் மூலைகளை அதற்குள் செருகிவிடுங்கள். படத்தில் ஒரு துளி பசை படாது. நாளைக்கு யாராவது வெளியே எடுக்க வேண்டுமென்றாலும் கிழியாது.

கண்ணாடியை இரண்டு பக்கமும் துடையுங்கள். தண்ணீரைக் கண்ணாடியில் தெளிக்காமல் துணியில் தெளித்துத் துடைத்து, வெயிலில் கால் மணி நேரம் காயவிடுங்கள். பிறகு கண்ணாடி, மவுண்ட், படம், பின்மட்டை என்று அடுக்கி, அந்த அடுக்கின் ஓரத்தைச் சுற்றிக் கடதாசி டேப் ஒட்டி ஒரு பொட்டலமாக்குங்கள். அதைச் சட்டத்துக்குள் இறக்கி, ஹார்ட்போர்ட் வைத்து, சின்ன ஆணிகளை மரத்துக்குள் படுக்கையாகத் தள்ளுங்கள். சுத்தியலால் அடித்தால் கண்ணாடி வெடிக்கும். இடுக்கியால் அழுத்தினால் போதும். கடைசியாகப் பின்பக்கம் முழுவதற்கும் காக்கித் தாள் ஒட்டிவிட்டால் பூச்சி உள்ளே போகாது.

இனி அந்த ஓடாவி சொல்லித்தந்த விஷயம். பழைய பாட்டாச் செருப்பிலிருந்து அரை அங்குலத் துண்டு நாலு வெட்டி, சட்டத்தின் பின்மூலைகளில் ஒட்டுங்கள். சட்டம் சுவரைத் தொடாமல் நிற்கும், பின்னால் காற்று ஓடும். மாரியில் ஈரம் குடித்த சுவர் அந்த ஈரத்தைச் சட்டத்துக்குக் கொடுக்காது. கறையான் மண் கட்டி ஏறினாலும் கண்ணில் படும்.

மாட்டுவது

பழைய வீடுகளில் பெரியவர்களின் படங்களைக் கூரைக்குக் கிட்ட, முன்னால் சாய்த்து மாட்டியிருப்பார்கள். மரியாதைக்கு என்று சொல்வார்கள், அது உண்மை. சாய்ந்திருப்பதால் யன்னல் வெளிச்சம் கண்ணாடியில் தெறிக்காமல் கீழே நிற்பவருக்கு முகம் தெளிவாகத் தெரியும் என்பதும் உண்மை. நம் உயரத்தில் மாட்டுவதென்றால் படத்தின் நடு தரையிலிருந்து 145 தொடக்கம் 150 சென்ரிமீற்றரில் இருக்கட்டும். எல்லாரும் கதிரையில் இருந்து பேசும் அறை என்றால் இன்னும் ஒரு சாண் கீழே.

வளையங்களைச் சட்டத்தின் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே பூட்டுங்கள். தங்கூசியால் (மீன்பிடிக்கும் நைலோன் நூல்) தொங்கவிடாதீர்கள்; அது வெயிலில் இற்றுப்போகும், இழுபடும். துருப்பிடிக்காத கம்பி வேண்டும். சுவரில் ஒரு ஆணிக்குப் பதிலாக இரண்டு இருந்தால் படம் சரியாது. சீமெந்துச் சுவரில் 6 மில்லிமீற்றர் துளை, பிளாஸ்டிக் பிளக், திருகாணி. உள்ளே வெற்றாக இருக்கும் கல்லில் பிளக் சும்மா சுற்றினால் மல்லுக்கட்டாமல் துளையை நாலு விரல் தள்ளிப் போடுங்கள். காலை வெயில் நேரே விழும் சுவரில் படம் வேண்டாம். நிறம் வெளுத்தால் திரும்ப வராது.

சட்டத்தைக் கொண்டு இன்னும் என்ன செய்யலாம்

கைபழகியதும் சும்மா இருக்க முடியாது. நான் செய்ததில் சரிவந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

வெறும் சட்டத்தின் பின்னால் கிழிந்த மீன்வலைத் துண்டு ஒன்றை இழுத்து, சின்னக் குண்டூசி ஆணிகளால் பூட்டினால் பிள்ளைகள் வரைந்த படங்களைக் கிளிப்பில் கொழுவ ஒரு இடம் கிடைக்கும். கடற்கரையில் கேட்டால் பழைய வலைத் துண்டு தருவார்கள். இரண்டு மூன்று தடவை சவர்க்காரம் போட்டு அலசாவிட்டால் வீடு முழுக்க மீன்வாடைதான்.

கொஞ்சம் பெரிய சட்டத்துக்கு 6 மில்லிமீற்றர் ப்ளைவூட்டை அடியில் பூட்டி, மேலே பன்பாய்த் துண்டு விரித்து, அதன்மேல் பேர்ஸ்பெக்ஸ் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு) வைத்து, இரண்டு பக்கமும் கைபிடி போட்டால் தேத்தண்ணித் தட்டு. இதற்குக் கண்ணாடி வேண்டாம். விழுந்தால் தேத்தண்ணியோடு போகாது, காலும் போகும்.

4 அல்லது 5 சென்ரிமீற்றர் ஆழமாக ஒரு பெட்டிச் சட்டம் செய்தால் பொருட்களையும் வைக்கலாம். அம்மப்பாவின் மூக்குக்கண்ணாடி, பழைய தூண்டில், வெற்றிலைப் பெட்டியின் மூடி எதுவானாலும் சரி. ஒட்டாமல், பின்மட்டையில் துளை போட்டுத் தங்கூசியால் கட்டுங்கள்; தங்கூசி இங்கேதான் பொருத்தம், கண்ணுக்கே தெரியாது. சிப்பி, சோகி வைக்க ஆசைப்படுபவர்கள் நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்துக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் உப்பு ஈரத்தை இழுத்துக் கண்ணாடி மூட்டம் போடும். புறாத் தீவில் பொறுக்கிவர நினைக்காதீர்கள். அது 2003 இலிருந்து தேசியப் பூங்கா, முருகைக்கல் ஒரு துண்டுகூட எடுக்கக்கூடாது. வீட்டில் ஏற்கனவே கிடப்பவையே போதும்.

மெனக்கெட்டுச் செய்தது அம்மாவின் கூறைச் சேலை. வெட்ட மனம் வரவில்லை. முந்தானைப் பக்கம் மேலே தெரியும்படி மடித்தேன். கஞ்சி போடாமல் துவைத்த பழைய வெள்ளை வேட்டியை மட்டையில் போர்த்தி, சேலையின் ஓரத்தை அதில் மெல்லிய ஊசியால் தைத்தேன். பசை ஒரு சொட்டும் இல்லை. பட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி. சரிகை உப்புக்காற்றில் கறுக்கும் என்பதால் ஓர டேப்பை இரண்டு சுற்று ஒட்டினேன். யன்னல் இல்லாத உள்ளறைச் சுவரில் இருக்கிறது. மூன்று நாள் வேலை, அதில் இரண்டு நாள் எப்படி மடிப்பது என்று அம்மாவோடு வாக்குவாதம்.

தைப்பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது எல்லாப் படத்தையும் கழற்றி ஒரு தடவை பின்பக்கம் பாருங்கள். மாரி அப்போதுதான் முடிந்திருக்கும், என்ன நடந்திருக்கிறது என்று அப்படியே தெரியும். காக்கித் தாளில் ஈரத் திட்டு, ஆணியடியில் துரு, செருப்புத் துண்டு விட்டுப்போன மூலை, கம்பியில் பச்சை. சுவரில் புதுச் சுண்ணாம்பு காயும்வரை திரும்ப மாட்ட வேண்டாம்.

அம்மம்மாவின் படத்தையும் அப்படித்தான் வருடாவருடம் இறக்கிப் பார்க்கிறேன். மிஞ்சிய பாதியைக் கண்ணாடியைத் தொடாமல், பலா மரச் சட்டத்துக்குள் வைத்திருக்கிறேன். அம்மம்மா முழுசாக இருக்கிறார். பக்கத்தில் அம்மப்பாவின் தோளும் ஒரு காதும்.